எட்டு முதல் பன்னிரண்டு வரை

எங்கள் படகுத்துறையில் அவரைப் 'பதினாறு' என்றுதான் கூப்பிடுவோம். கடலில் எல்லாக் கப்பலும் காது வைத்திருக்கும் வயர்லெஸ் அலைவரிசையின் எண் அது. அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில்கூட, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வயர்லெஸ் அந்த எண்ணிலேயே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "இதுதான் எனக்குச் சக்களத்தி" என்பார் அவர் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

யாரோ வாங்கிய பாய்மரப் படகை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பது அவர் தொழில். அந்தப் படகுகளின் பேட்டரி, விளக்கு, வயர்லெஸ் எல்லாம் பார்க்கிற எலக்ட்ரீஷியன் நான். என் வீரமெல்லாம் கரையில் கட்டிப்போட்ட படகில்தான். கயிறு அவிழ்ந்தால் எனக்குக் குமட்டும்.

கப்பலைக் கூப்பிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரிய சரக்குக் கப்பலுக்கு முன்னால் பாய்மரப் படகு ஒரு தூசி. அது நம்மைப் பார்த்துவிட்டதா என்று வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். "சிவப்புக் கப்பலே, சிவப்புக் கப்பலேன்னு கத்துனா ஒருத்தனும் திரும்ப மாட்டான். வேற யாரையோ கூப்பிடுறான்னு இருந்துடுவான். பேரைச் சொல்லணும், மூணு தடவை. அப்புறம் நீ யாரு, அவனுக்கு எந்தப் பக்கம், எத்தனை மைல். அப்பத்தான் நிமிந்து உக்காருவான்" என்பார். முக்கியமானது எதுவானாலும் கடலில் மூன்று தடவை சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. காற்று ஒன்றைத் தின்றுவிடும், சோம்பேறி ஒன்றைத் தின்றுவிடுவான், மூன்றாவதாவது போய்ச் சேருமாம்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்குப் பெற்ற மகளைக் கூப்பிடத் தெரியவில்லை.

ஒரே மகள். பத்து வயதிலேயே படகின் சுக்கானைப் பிடித்தவள். தனக்குத் துணையாக ஓட்ட வருவாள் என்று அவர் மனக்கோட்டை கட்டியிருக்க, அவளோ படித்து சரக்குக் கப்பலில் அதிகாரியாகச் சேர்ந்தாள். "அது கப்பலா? மிதக்கிற குடோன்! அதுல ஏறினேன்னா இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று கத்திவிட்டார். கோபத்தில் வந்த பேச்சு. ஆனால் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள் அவள். மூன்று வருஷம் மிதிக்கவில்லை. லீவில் வந்தால் சித்தி வீட்டில் தங்குவாள். அண்ணி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"இந்த வீட்டுல இனி அவ பேச்சை எடுக்கக் கூடாது" என்றும் அன்றைக்கே சொல்லியிருந்தார். அண்ணி அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு போட்டோவை மட்டும் ஒட்டி வைத்தார். மகள் கப்பல் உடுப்பில், தோளில் ஒற்றைப் பட்டையோடு நிற்பாள். பக்கத்தில் தொங்கும் மிதவை வளையத்தில் கப்பலின் பெயர். தண்ணீர் குடிக்க வருகிறவர்போல் வந்து, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கப்பல் எங்கே போகிறதென்று அவர் போனில் தினமும் பார்த்துவந்தது எனக்குத் தெரியாது. சென்ற வருஷம் ஒரு படகைக் கொண்டுபோக வேண்டியிருந்தபோது, வயர்லெஸ் ஒயர் சரியில்லை என்று உரிமையாளரிடம் சாக்குச் சொல்லி ஒரு நாள் தாமதித்தார். சாக்குக்கு உயிர் கொடுக்க என்னையும் படகில் ஏற்றினார். ஒயர் நிஜமாகவே மோசம்தான். கோளாறு பாய்மரத்தின் உச்சியில். ஏறப் பயந்து, அடியில் டேப் சுற்றிவிட்டு ஓகே என்றிருந்தேன்.

இரண்டாம் நாள் காலை, நல்ல காற்றில், பாயை இறக்கி நடுக்கடலில் படகை நிறுத்தினார்.

"என்ன அண்ணே?"

"ஒரு கப்பல் வருது. என் பொண்ணு இருக்கா. தோள்ல ஒத்தைப் பட்டைன்னா மூணாவது ஆபீசர். எட்டுலருந்து பன்னெண்டு அவ ட்யூட்டி. கூப்பிட்டா அவதான் எடுக்கணும்."

"இதுக்கு ஒரு போன் பண்ணலாமே?"

"போன் பண்ணா நான் இறங்கி வந்துட்டேன்னு ஆயிடும். வயர்லெஸ்ல கூப்பிட்டா அது தொழில்."

எனக்குக் குமட்டலோடு சிரிப்பும் வந்தது. பத்தரை மணிக்கு, சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் படகின் திரையில் அந்தக் கப்பலின் பெயர் முளைத்தது. அவர் தலையைச் சீவிக்கொண்டார். வயர்லெஸ்ஸில் முகம் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

எட்டு மைல் இருக்கும்போது கூப்பிட்டார். பெயரை மூன்று முறை சொல்லி, எங்கள் படகின் பெயரையும் இடத்தையும் சொன்னார். பதில் உடனே வந்தது. யாரோ ஒரு பையனின் குரல். உங்களைப் பார்த்துவிட்டோம், ஒரு மைல் விலகிப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். இவர் நன்றி சொன்னார். மறுபடியும் நன்றி சொன்னார். மைக்கைக் கீழே வைக்கவே இல்லை.

"கேளுங்க அண்ணே, இருக்காளான்னு."

"பதினாறுல குடும்பக் கதை பேசக் கூடாது" என்றார். சற்றுப் பொறுத்து, "அவ அங்கயே நின்னுக்கிட்டு, 'நீ பேசு'ன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தா?" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கப்பல் கடந்தது. பைனாகுலரில் மேல்தளம் முழுக்கத் தேடினார். ஆள் நடமாட்டமே இல்லை. பின்பக்கம் சிறுத்துப் போகும்வரை பார்த்துவிட்டு, பாயை ஏற்றக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தார். "மூணு வருஷமா அவ குரலைக் கேக்கல, தம்பி. 'கேட்டுச்சு'ன்னு ஒரு 'ரோஜர்' சொல்லியிருந்தாக்கூடப் போதும்" என்றார்.

பன்னிரண்டு பத்துக்கு வயர்லெஸ் கரகரத்தது. எங்கள் படகின் பெயர், மூன்று முறை. பெண் குரல். அவர் பாய்ந்த வேகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டார். இருவரும் வேறு அலைவரிசைக்கு மாறினார்கள்.

"அப்பா, பன்னெண்டுலருந்து நாலுதான் இப்ப என் ட்யூட்டி. ரெண்டாவது ஆபீசர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. அம்மா சொல்லலியா?"

அவர் மைக்கை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். "என் படகு உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் படகு, எந்தத் தேதின்னு அம்மா எப்பவும் சொல்லிடுவாங்க. நான்தான் உங்க பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொல்லலியே. ஒவ்வொரு தடவையும் திரையில தேடுவேன்ப்பா. இன்னிக்குத்தான் கிடைச்சீங்க."

அதற்கு இவர் பதில் சொன்னது என்ன தெரியுமா? சாயங்காலம் காற்று தெற்கே திரும்பும் என்று. கப்பல் விலக விலக ஒலி உடைந்தது. விட்டுவிட்டுக் கேட்கிறது என்றாள் அவள். நான் சுற்றிய டேப்பை நானே சபித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "வீட்டுக்கு வா. வீட்டுக்கு வா. வீட்டுக்கு வா."

இரைச்சல் மட்டும் வந்தது. பத்து நிமிஷம் காதை வயர்லெஸ்ஸின்மேல் வைத்திருந்தார். பிறகு எழுந்து பாயை ஏற்றினார்.

மறுநாள் கரை சேர்ந்ததும், கயிற்றைக் கட்டிய கையோடு வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அவளுக்கு எப்ப லீவு?"

"யாருக்கு?" என்றார் அண்ணி.

இவர் கட்டிய கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார். "நம்ம பொண்ணுக்கு."

"அடுத்த மாசம் பத்தாம் தேதி. நேரா வீட்டுக்குத்தான் வர்றாளாம். நேத்தே கப்பல்லருந்து போன் பண்ணிட்டா."

"அப்போ... அவளுக்குக் கேட்டுச்சா?"

"முதல் தடவையே கேட்டுச்சாம். இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்னுதான் பதில் சொல்லாம இருந்தாளாம்."