என் திரையில் மட்டும் இருந்த செய்தி

சிங்கப்பூரில், கிளமெண்டி பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நான் துப்புரவு வேலை செய்யும் மாடியில் ஓர் அறை இருக்கிறது. அங்கே ஒரே மேசையைச் சுற்றி நான்கு பேர் முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு கணினியில் எழுதியே பேசிக்கொள்வார்கள். திடீரென்று நான்கு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். குப்பைக்கூடைக்குப் பை மாற்றியபடி, என்னவாக இருக்கும் என்று யோசிப்பேன். கேட்கக் கூச்சம். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படித்த அந்த ஐந்து வருடமும் விடை தெரிந்தாலும் கை தூக்கியதில்லை.

கூடி வேலை செய்பவர்களுக்குக் கணினி உதவுகிறதா, குறுக்கே நிற்கிறதா என்று ஆராயும் குழு அது. இதைச் சொன்னவர் அங்கே ஆராய்ச்சி செய்யும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் நித்யா. ஒருநாள் எங்களையே பரிசோதனைக்குக் கூப்பிட்டார்: என்னை, என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார ரோஹானா அக்காவை, தோட்ட வேலை பார்க்கும் சீனர் ஆ செங்கை. அவரவர் மொழியில் பேசினால் போதும், அடுத்தவர் திரையில் அவர் மொழியில் எழுத்தாக வருமாம். அதைப் பார்க்கும் ஆசையில்தான் போனேன்.

அந்த வாரம் மனம் வேறொன்றில் கிடந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகள் கயல்விழியை நர்சிங் படிப்பில் சேர்க்க முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை சேர்க்கை. அண்ணனும் மைத்துனரும் எழுத எழுத, நான் கட்டைவிரல் படம் போட்டுக்கொண்டிருந்தேன். ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது, பி.காம். படிக்கிறேன் அப்பா என்று கயல் என்னிடம் போனில் அழுதிருந்தாள். அம்மாவிடமும் சொல்லியிருப்பாள், எல்லாம் தெரிந்துதான் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

பரிசோதனையில், முதியவர்களுக்கு விருந்து வைக்க மூன்று மண்டபங்களில் ஒன்றைச் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது மண்டபம் மூன்றாம் மாடியில், லிஃப்ட் பழுது என்று என் திரையில் இருந்தது. மற்ற இருவரும் இரண்டாவதே நல்லது என்றார்கள். படித்துவிட்டுத்தானே சொல்கிறார்கள், ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்று நானும் சம்மதம் கொடுத்தேன்.

முடிந்ததும் நித்யா சிரித்தார். “அங்கிள், லிஃப்ட் விஷயம் உங்க ஸ்கிரீன்ல மட்டும்தான் இருந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் மத்தவங்களுக்குத் தெரியாத ஒரு தகவல் குடுத்திருந்தோம். நீங்க சொல்லியிருக்கணும்லா.”

ஆ செங் திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில், “யூ நோ சே, ஹவ் வீ நோ?” என்றார். நீ சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். ரோஹானா அக்கா மலாயில் ஏதோ முணுமுணுத்தார். என் திரையில் மேடைத்தமிழில் வந்தது: “அப்படியானால் பாட்டிகளை நீங்களே முதுகில் சுமந்து ஏறுங்கள்.” சிரித்துவிட்டேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த அறையின் சிரிப்பு எனக்கும் ஒருமுறை கிடைத்தது.

ஆனால் ஆ செங்கின் கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா புல்வெளியில் உட்கார்ந்து, குழுவில் முதன்முறையாகக் குரல் பதிவு அனுப்பினேன். கயல் சொன்னதை அப்படியே சொன்னேன். உடனே மனைவி வீடியோவில் வந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவ. நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?”

“உனக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

அவளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “சரி, நாளைக்குப் போக வேணாம். போனை அந்த நாற்காலியில வையி. அவனும் உக்காந்து பேசட்டும்.”

வைத்தார்கள். அங்கிருந்து எனக்கு வீட்டாரின் முழங்கால்களும் சுற்றும் மின்விசிறியும்தான் தெரிந்தன. கயலின் கால்கள் மட்டும் நாற்காலியை ஒட்டி வந்து நின்றன. பேச ஆரம்பிக்குமுன் நிமிர்ந்து பார்த்தேன். புல்வெளி முழுக்க என்னைப் போன்றவர்கள், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பாராமல் கையிலிருந்த திரையில் குனிந்திருந்தார்கள். அவ்வப்போது ஒருவர் மட்டும் தனியாகச் சிரித்தார். அவரும் எந்த ஊரிலோ, எந்த வீட்டு நாற்காலியிலோ உட்கார்ந்திருந்தார்.