நான் எழுதாமல் விட்ட தீர்ப்பு

சென்ற மாதம் நீங்கள் வாசித்துப் பாராட்டினீர்களே, அந்தக் கட்டுரையில் ஒரு தீர்ப்பை வேண்டுமென்றே மறைத்தேன். அந்த வழக்கைக் கெடுத்தவன் நான்.

கனடாவின் சமஷ்டி மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து ஒரு நீதிபதி ஓய்வு பெற்றதும் அவரைப் பற்றி எழுதித் தரும்படி ஸ்கார்பரோப் பத்திரிகைக்காரர் கேட்டார். வேலையிழந்த தொழிற்சாலைப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட காப்புறுதிப் பணத்தை அவர் வாங்கிக் கொடுத்தது, அகதியின் கதையை நேரில் கேட்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தது... எல்லாம் எழுதினேன். குகனின் வழக்கை மட்டும் விட்டேன்.

அப்போது நான் ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பாளன். அகதிகளாக வந்த நம்மவர்களின் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெரிய சட்டப்புலி என்ற நினைப்பு எனக்கு!

கொழும்பில் தங்கியதைச் சொன்னால் 'அங்கேயே இருந்திருக்கலாமே' என்று அனுப்பிவிடுவார்கள் என்று கோப்பிக் கடைகளில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன். என் சொந்தக் கதையிலும் கொழும்பை மறைத்திருந்தேன்.

குகன் மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து வந்தான். கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜில் ஒளிந்திருந்ததையும், இரண்டு முறை பொலிஸ் பிடித்து அடித்ததையும் சொன்னான்.

“கொழும்பை விடும். யாழ்ப்பாணத்திலையிருந்து நேரா வந்தனெண்டு சொல்லும்,” என்றேன்.

“பொய்யெல்லோ அண்ணை?”

“நான் சொல்லுறதைச் செய்யும்.”

செய்தான். விசாரணையில் சாப்பாட்டைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டார்கள். அந்த வெள்ளந்தி மனிதன் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளின் பெயர்களை ஒன்று விடாமல் சொன்னான். அங்கேயே எல்லாம் உடைந்தது.

வெளியே வந்ததும் வழக்கறிஞர், “இப்படிச் சொல்லச் சொன்னது யார்?” என்று அவனைக் கேட்டார். அந்தக் கேள்வியைத் தமிழில் அவனிடம் கேட்டவனும் நானே... நினைத்துப் பாருங்கள்.

குகன் என்னைப் பார்த்தான். “ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் சொன்னனான்.”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் வாய் திறக்கவில்லை? என் வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. தோண்டினால் என் கொழும்பும் வெளியே வரும்.

கோரிக்கை மறுக்கப்பட்டு, மேல்முறையீடு அந்த நீதிபதியிடமே போனது. கொழும்பில் ஒளிந்திருந்தது பாதுகாப்பாக வாழ்ந்ததாகாது என்று அவர் முன்னமே ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். நான் அதை வாசிக்கவில்லை. கோப்பிக் கடைப் பேச்சே எனக்குப் போதுமாக இருந்தது. குகன் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பே அவனைக் காப்பாற்றியிருக்கும், மறைத்தபடியால் அடி வாங்கியதையும் நம்ப முடியவில்லை என்று எழுதி, மனுவைத் தள்ளுபடி செய்தார்.

வழக்கு நடக்கும்போதே குகன் சாந்தியைக் கல்யாணம் செய்திருந்தான். அவளை இங்கே விட்டுவிட்டு இலங்கைக்கு விமானம் ஏறினான். எனக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்தது.

இப்போதும் வாசல் மணி அடித்தால் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறேன். யாராவது கண்டுபிடித்துவிட்டார்களோ... என்னையும் ஏற்றிவிடுவார்களோ? கட்டுரை வந்த பிறகு பயம் கூடியது.

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தி வந்தாள்.

“கட்டுரை நல்லா எழுதியிருக்கிறியள் அண்ணை. இவரை இங்கை கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருக்கிறன். முந்தி ஏன் பொய் சொன்னவர், ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு குடிவரவுக்காரர் கேக்கினம். இவரைக் கேட்டா, அண்ணையிட்டைக் கேள், அவர் எழுதித் தருவார் எண்டுறார்.”

குகன் அவளிடம் இன்னமும் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று அனுப்பியிருக்கிறான்.

சாந்தி பேனையை நீட்டினாள்.

“பயத்திலை தானாச் சொன்னவர் எண்டு எழுதுவம்,” என்றேன்.