ஹட் பேயில் ஒரு கள்ளக் கையெழுத்துக்காரி

ஊரார் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போடுவதற்குச் சம்பளம் தரும் தொழில் ஒன்று உண்டு. அதற்குப் புள்ளியியல் ஆராய்ச்சி என்று பெயர். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் நான் அதில் போய் விழுந்தேன். "இது நிஜமாகவே உங்கள் கையெழுத்துதானா?" என்று ஏதாவது ஒரு கவுன்டரில் உங்களையும் கேட்டிருப்பார்களே, அப்படியானால் நீங்களும் என் கட்சி.

ஆளுக்குப் பத்து

போர்ட் பிளேயரிலிருந்து அந்தமானின் கடைக்கோடியான எங்கள் ஹட் பே ஊருக்குக் கப்பலில் வந்த சித்ரா அக்காவின் ஆராய்ச்சி. ஒரே ஆளின் கையெழுத்து தடவைக்குத் தடவை எவ்வளவு மாறும், நிஜத்தையும் போலியையும் கம்ப்யூட்டர் எப்படிப் பிரிக்கும் என்று பார்க்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு பாதி ஊர் இன்னும் தகர ஷெட்டில்தான். ஷெட் ஷெட்டாகப் போய் ஆளுக்குப் பத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. மழை, சேறு, நாய். யார் குரலும் எனக்கு அப்படியே வரும்; வீடு ஒதுக்கும் ஆபீசர் குரலில் கூப்பிட்டால் பதறி வெளியே வருவார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்கள். மளிகைக்கடை வங்காளி மண்டல் தாதா வெற்றுத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் ஓட்டைத் தமிழில் சொன்னார்: "ஒரு சைன் போட்டேன், வீடு வரல. பத்து சைன் போட்டா ஷெட் பி ஜாயேகா, ஷெட்டும் போயிடும்."

நான்தான் முத்தையா

போலியும் வேண்டுமே. குரலைத் திருடுகிறவளுக்குக் கையெழுத்தா கஷ்டம் என்று அக்கா அதையும் என் தலையில் கட்டினார். பக்கத்து ஷெட் முத்தையா மாமா, சுனாமி நிவாரண முகாமில் அன்றைக்குப் போட்ட கையெழுத்தின் ஜெராக்ஸைக் கொடுத்தார். அப்போது வலது கையில் கட்டு. இடது கையால், நண்டு ஓடிய மணல் மாதிரி போட்டிருந்தார். அரசாங்கம் கட்டித் தரும் புது வீட்டுக்கான கோப்பில் இருப்பதும் அதுதான். அதே மாதிரி போட்டால்தான் சாவி.

நான் அதைப் பார்த்துப் போட்டேன். மாமா வலது கையால் பத்துப் போட்டார். கரண்ட் வந்த நேரமாகப் பார்த்து, இரண்டையும் ஜெராக்ஸோடு ஒப்பிட அக்கா கம்ப்யூட்டரை ஓட்டினார். நான் நிஜம், மாமா போலி. இதை மாமாவின் குரலிலேயே மாமாவுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சாவியையும் நீயே போயி வாங்கிட்டு வா."

ஒவ்வொன்றாக ஒப்பிடாதே

அக்காவுக்குப் பெரிய கவலை ஒன்று. நிறையப் பேரை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுக்கொண்டே போனால், தற்செயலாகவே யாராவது ஒரு நல்லவன் திருடனாகிவிடுவானாம். அதைத் தடுக்கத்தான் இத்தனை கணக்கும். அலைந்து திரிந்து வீட்டுக்கு வந்தால், அம்மா என் மார்க்கை ஒவ்வொரு பாடமாக எதிர் ஷெட் ஸ்டெல்லாவின் மார்க்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா குரலில் இந்தத் தத்துவத்தை விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். "சரிடி, மொத்தமாவே பார்த்துட்டேன். மொத்தத்துலயும் அவதான் மேல."

ஜல்தி

மாமாவின் கையெழுத்து சேரவில்லை என்று ஆபீசர் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா கூடப் போய் ஆராய்ச்சி முழுவதையும் சொல்லிப் பார்த்தார்; ஆபீசரின் கொட்டாவிதான் மிச்சம். நாளைக்கு ஒரு தடவை பார்க்கலாம், அதுவும் சேராவிட்டால் அடுத்த ஆளுக்கு வீடு என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் மாமாவை உட்கார வைத்து, அவர் கையெழுத்தை அவருக்கே சொல்லிக் கொடுத்தேன். இடது கையில் பேனா. போட்டுப் போட்டுப் பார்த்தும் வரவில்லை. ரொம்ப நிதானமாக இருந்தது. அன்றைக்கு முகாமில் யாராவது விரட்டினார்களா என்று கேட்டேன். ஆமாம், பின்னால் பெரிய வரிசை, மேஜைக்காரன் கத்திக்கொண்டே இருந்தான் என்றார். அவர் பேனாவை வைக்கும் நேரம் பார்த்து, காதருகே ஆபீசர் குரலில் "ஜல்தி, ஜல்தி!" என்றேன். தூக்கிவாரிப் போட்டது. நண்டு ஓடியது.

மறுநாள் நான் கத்த வேண்டியிருக்கவில்லை. ஆபீசரே கத்தினார். பிறகு இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார். "யஹீ தோ அசல் ஹை, இதுதானே அசல். இதை நேத்தே ஒழுங்கா போட்டிருக்கலாம்ல?"

அந்தக் கையெழுத்தை நிஜத்தில் சேர்ப்பதா போலியில் சேர்ப்பதா என்று அக்கா இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாமாவோ புது வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, இனி எவன் வந்தாலும் கைநாட்டுதான் என்கிறார்.