கும்மிருட்டு அண்ணனும் சாம்பல் நிறத் திரையும்

தொலைக்காட்சிப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவரும் இல்லை. "கும்மிருட்டு அண்ணன்" என்று கேட்டால்தான் கடையில் ஆளைக் காட்டுவார்கள். பட்டப்பெயர் வந்த கதை எளியது. மற்ற விற்பனையாளர்கள் திரையில் பறக்கும் கிளியையும் விழும் அருவியையும் காட்டி வாடிக்கையாளரை மயக்குவார்கள். இவர் கிளி போகும்வரை காத்திருப்பார். ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தொடங்குமுன் திரை இருளும் அந்தக் கணத்தில் விரலை நீட்டுவார்.

"கலர யாரு வேணும்னாலும் காட்டிடலாம் சார். கறுப்பப் பாருங்க. கறுப்புன்னா கும்மிருட்டா இருக்கணும். அதுதான் படம்."

இந்த ஒற்றைப் பேச்சை வைத்துக்கொண்டு அவர் தம் இளமையையும் நடுவயதையும் அந்தக் கடையிலேயே கழித்துவிட்டார். பெட்டி வடிவத் தொலைக்காட்சி போய்த் தட்டைத் திரை வந்தபோது பிளாஸ்மாவே முடிந்த முடிவு என்று மனமார நம்பினார். பிறகு எல்சிடி வந்தது, அதற்குப்பின் எல்ஈடி. இப்போது இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன: ஓஎல்ஈடி, கியூஎல்ஈடி. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு வட்டத்தின் அடியில் நீளும் ஒரு சிறு வால்தான். ஆகவே கடைக்காரர்கள் தங்களுக்குள் "வாலில்லாதது", "வாலுள்ளது" என்றே பேசிக்கொள்வார்கள். வாலில்லாததில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அணைந்தால் மையிருட்டு. வாலுள்ளதில் திரைக்குப் பின்னே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பட்டப்பகலிலும் படம் பளிச்சென்று தெரியும். கிடங்கிலிருந்து ஒன்றைக் கேட்டு மற்றொன்று வந்து சேர்ந்து, வாடிக்கையாளர் முன் அசடு வழிந்துகொண்டு நின்ற நாள்களும் உண்டு.

ஒவ்வொரு புதுச்சொல் வரும்போதும் அவர் பாடம் படித்தார். படித்ததை விற்றார். விற்றது பழையதாயிற்று. மாலையில் கெண்டைக்கால்கள் கல்லாய் இறுகிப்போகும். அதைவிடக் கன்னங்களே அதிகம் வலிக்கும். நாள் முழுதும் சிரித்தவரின் வலி அது. வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அப்படியொரு மாலையில்தான் அவருடைய அக்காள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, புது டிவி ஒண்ணு வாங்கணும். நீ வந்து பாத்துச் சொல்லு."

பின்னாலிருந்து மருமகளின் குரல் தெளிவாகக் கேட்டது. அக்காளின் ஒரே மகள் அவள். அலுவலக வேலைக்குப் போகிறவள். "அம்மா, இந்தத் தடவ மாமாகிட்ட கேக்கவே வேணாம்னு சொன்னேன்ல?"

அக்காள் தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ அதட்டினார். கும்மிருட்டு அண்ணன் ஒன்றும் கேளாதவர்போல், "நாளைக்கு வரேன்க்கா" என்றார்.

மருமகள் சொன்னதில் தவறில்லை. அந்த வீட்டுக்கு அவர் இதுவரை இரண்டு தொலைக்காட்சிகளைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார். முதலாவது பிளாஸ்மா. அது கக்கிய வெப்பத்தில் கோடைக்காலத்தில் கூடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. "மச்சான் வாங்கிக் குடுத்த அடுப்பு" என்று அத்தான் அதற்குப் பெயரே வைத்துவிட்டார். இரண்டாவது, தொடக்ககால எல்சிடி. நேரே உட்கார்ந்தால் குறையில்லை. சற்றே நகர்ந்தால் போதும், செய்தி வாசிப்பவரின் முகம் கருகி, கழுவிய புகைப்படச் சுருளில் தெரிவதுபோல் ஆகிவிடும். இரண்டையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அவ்வீட்டின் வழக்கம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால், தம் தொழிலில் ஒருவருக்குச் சொந்த வீட்டில் மதிப்பில்லாமற் போவது சிரித்துத் தீரும் துன்பமன்று.

இப்போது சிரிப்பும் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அத்தானுக்கு முதுகுத்தண்டில் அறுவை நடந்திருந்தது. ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும். கழுத்தை நிமிர்த்தக் கூடாது. மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் மருத்துவர்.

மறுநாள் போனபோது அத்தான் சுவரோரக் கட்டிலில் இடப்புறம் சாய்ந்து படுத்திருந்தார். தொலைக்காட்சி, கூடத்தின் மறுகோடியில் கட்டிலுக்குச் சரிவாக ஓர் அலமாரிமேல் இருந்தது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அத்தான் கண்ணை மூடியிருந்தார்.

"தூங்குறீங்களா அத்தான்?"

"இல்ல மச்சான், ரேடியோ கேக்குறேன். நீ வாங்கிக் குடுத்த ரேடியோதான். கண்ணத் தொறந்தா எல்லாப் பயலும் பேய் மாதிரி தெரியுறான், அதான் மூடிக்கிட்டேன்."

அக்காள் அடுப்படி வாசலில் நின்று, "வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க" என்றார்.

"நான் எங்க ஆரம்பிச்சேன்? அவன்தான் ஆரம்பிச்சு வச்சான், அடுப்புலேர்ந்து."

கும்மிருட்டு அண்ணன் அலமாரியைக் கட்டிலை நோக்கித் திருப்பிப் பார்த்தார். கட்டிலுக்குப் பின்னாலிருந்த சன்னல் முழுதும் திரையில் விழுந்தது. தெருவும் கம்பியும் தெரிந்தனவேயன்றிப் படம் தெரியவில்லை. "திரைச்சீலையப் போட்டுடலாமா அத்தான்?" என்று கேட்டதற்கு அத்தான் கையை ஓங்கினார். "அந்தத் தெருச்சத்தமும் காத்தும் இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். அதுல கை வைக்காத." கட்டிலை மாற்றவும் வழியில்லை. காற்றுமெத்தையின் மின்இணைப்பும் குளியலறைக் கதவும் அந்தப் பக்கமே இருந்தன. வேறு சுவரில் மாட்டலாமென்றால் வாடகை வீடு, ஆணி அடிக்க உரிமையாளர் இசையமாட்டார்.

அலமாரியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, அவர் கட்டிலருகே மண்டியிட்டுத் தலையைத் தலையணையின் ஓரத்தில் சாய்த்தார்.

"என்ன மச்சான், என் எடத்துக்கே வந்துட்ட? வேணும்னா நீ படுத்துக்க, நான் உன் கடைக்குப் போறேன்."

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தான்."

அந்தக் கோணத்திலிருந்து பார்த்தபோதுதான், தாம் விற்ற பொருளின் யோக்கியதை அவருக்கு முழுமையாக விளங்கிற்று. எழுந்தவரின் கையை அத்தான் பிடித்துக்கொண்டார். குரலில் கேலி இல்லை.

"இத பாரு. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இது ஒண்ணுதான் எனக்கு. நீ எதக் கை காட்டுறியோ அத வாங்குறேன். இதுவும் சொதப்பிச்சுன்னா, சிரிக்கிறதுக்குக்கூட எனக்கு இப்ப தெம்பு இல்லடா."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

இரண்டு நாள் அவர் அதையே சுமந்து திரிந்தார். வாலுள்ளதை எண்ணினார், வாலில்லாததை எண்ணினார். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறைவாக இருந்தது. முடிவு எதுவும் கைக்கு வரவில்லை. இத்தனை காலம் முன்பின் தெரியாதவர்களுக்கு நொடியில் தீர்ப்புச் சொன்ன நாக்கு, சொந்த அக்காள் வீட்டுக்கென்றதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் பிற்பகல், புதுவீடு கட்டிய ஒரு தம்பதியர் கடைக்கு வந்தனர். அவர் வழக்கம்போல் பேசத் தொடங்கினார். கிளி பறந்தது; அருவி விழுந்தது; திரை இருண்டது.

"கறுப்பப் பாருங்க சார்…"

அந்த மனைவி சட்டென்று கேட்டார்: "நீங்க பாக்கவே இல்லயே?"

"எதம்மா?"

"டிவிய. வந்ததுலேர்ந்து எங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க."

கணவர் சிரித்தார். கும்மிருட்டு அண்ணனும் தொழில்சிரிப்பைச் சிரித்தார். ஆனால் அந்தச் சொல் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. உண்மைதான். விற்பவர் பார்க்க வேண்டியது திரையையன்று, வாங்குபவரின் முகத்தை. அந்த முகம் எப்போது இளகுகிறது என்று பார்ப்பதற்காக, திரையின் சட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்பதே அத்தொழிலின் முறை. வாழ்நாள் முழுதும் எந்தத் தொலைக்காட்சியையும் அவர் நேரே நின்று பார்த்ததில்லை. கடைக்கண்ணால், சரிவாக, அத்தான் இப்போது படுத்துக்கொண்டு பார்க்கிறாரே, ஏறத்தாழ அந்தக் கோணத்திலேதான் எல்லாவற்றையும் பார்த்து வந்திருக்கிறார்.

தம்பதியரை அனுப்பிவிட்டு, நின்ற இடத்தில் நின்றபடியே தலையை மட்டும் திருப்பி வரிசையைப் பார்த்தார். வாலுள்ளது, துவைத்துத் துவைத்து வெளிறிய சட்டைபோல் நிறமிழந்து நின்றது. வாலில்லாதது சரிவிலும் சிறிதும் மாறாமல் நின்றது. அதற்கப்பால், தூணருகே கீழ்த்தட்டில் ஒரு சாதாரண எல்ஈடி இருந்தது. அகலக் கோணத்திலும் நிறம் மாறாத வகைத் திரை அதற்கு. கறுப்புத்தான் அதில் கறுப்பாக இராது, சாம்பல் பூத்திருக்கும். யாரேனும் அதைச் சுட்டினால், "அத விடுங்க சார்" என்று தாமே கையைத் தட்டிவிட்டு அழைத்துப் போன தொலைக்காட்சி அது. அதில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோதும் அவள் முகம் முகமாகவே இருந்தது.

அன்று மாலையே மருமகள் கடைக்கு வந்தாள். வரும்போதே முடிவும் எடுத்து வந்திருந்தாள்.

"ஓஎல்ஈடிதான் மாமா. எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன். உலகமே அதத்தான் சொல்லுது."

"உலகம் உங்கப்பா கட்டில்ல படுத்துப் பாக்கலியேம்மா."

"சைடுலேர்ந்தும் நல்லாத் தெரியும்னு போட்டிருக்கே!"

"தெரியும். நான் இல்லேங்கல. உங்கப்பா நியூஸத் தவிர வேற ஏதாவது வைப்பாரா?"

"நீங்க வேற! ரிமோட்டே தலகாணிக்கு அடியிலதான் இருக்கு."

"அந்தச் சேனல் முத்திரையும் கீழ ஓடுற செவப்புப் பட்டையும் பகல் பூரா அசையாம நிக்கும். மாசக்கணக்குல நின்னா, இதுல தழும்பு விழுந்துடும். அப்புறம் எந்தச் சேனல் போட்டாலும் அது அங்கயே கெடக்கும்."

அவள் அடுத்த திரைக்குத் திரும்பினாள். "அப்ப வாலுள்ளது?" மாமாவின் கடைமொழி அவளுக்கும் பழக்கமாகியிருந்தது.

அவர் அவளைத் தோளைப் பற்றித் திரையின் பக்கவாட்டுக்கு அழைத்து வந்து நிறுத்தினார். வெளிறிய படத்தைப் பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவர் தூணருகே இருந்ததைக் காட்டினார். அவள் அதை நேரே நின்று பார்த்தாள்; குனிந்து பார்த்தாள்; கடைசியில் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"மாமா, இதுல இருட்டே இல்லயே. சாம்பலா இருக்கு. கறுப்பு கறுப்புன்னு பேரே வாங்கினவர் நீங்க. நீங்களா இதக் கை காட்டுறீங்க?"

"ஆமா."

"அடுப்பு, ரேடியோ, அதுக்கப்புறம் இது. தப்பாப் போச்சுன்னா?"

"திட்டுவாரு. புதுசா என்ன?" என்றார். ஊருக்கெல்லாம் வேண்டாமென்று சொன்ன ஒன்றைத் தம் குடும்பத்துக்கு வேண்டுமென்று சொல்வதற்கு, அவரிடம் விளம்பரத் தாள் எதுவும் இல்லை. பக்கவாட்டில் நின்று நின்று தேய்ந்த கால்கள்தாம் இருந்தன.

தொலைக்காட்சி வந்து அலமாரிமேல் ஏறிய அன்று, வேலை முடிந்ததும் அவர் நேரே அங்கே போனார். கடையில் எல்லாத் திரைகளும் கண்ணைப் பறிக்கும் ஒளியில் வைக்கப்பட்டிருக்கும். அவர் அதைக் குறைத்து வீட்டுக்கு ஏற்றவாறு அமைத்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அக்காள் அடுப்படி வாசலில் நின்றார். மருமகள் நாற்காலியின் கைப்பிடியில் அமர்ந்திருந்தாள். மூவரும் திரையைப் பார்க்கவில்லை; அத்தானின் முகத்தைப் பார்த்தார்கள்.

அத்தான் கண்ணைச் சுருக்கினார், விரித்தார். செய்தி விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நால்வர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தனர்.

கடைசியில் அத்தான் வாய்திறந்தார்.

"இந்த ஓரத்துல இருக்கானே, இவன் குரல மட்டும் கேட்டு நல்ல மனுசன்னு நெனச்சிருந்தேன். முழியப் பாரு! திருட்டு முழி."

அக்காள், "படம் எப்படி இருக்குங்க?" என்று கேட்டார்.

"இரு, இவன் என்ன புளுகுறான்னு கேக்குறேன்… ஏய், அன்னிக்கு என்ன சொன்ன, இன்னிக்கு என்ன சொல்ற? வேர்க்குது பாரு அவனுக்கு!"

"கறுப்பு கொஞ்சம் சாம்பலாத்தான் இருக்கு மாமா" என்று மருமகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சத்தம் போடாத!" என்றார் அத்தான்.

கும்மிருட்டு அண்ணன் பாராட்டாக ஒரு சொல்லாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அத்தான் திரையை மறந்து, திரைக்குள் இருந்தவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி விற்கிறவனுக்கு இதற்குமேல் யார் என்ன சொல்லிவிட முடியும் என்று அவருக்குத் தோன்றியது. முக்காலியிலிருந்து எழ, கட்டில் விளிம்பைப் பற்ற வேண்டியிருந்தது.

வாசலில் காலணியைத் தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் பின்னாலேயே வந்தாள்.

"மாமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க டிவி வாங்கப் போறாங்க. எது எடுக்கலாம்னு என்கிட்ட கேட்டாங்க. உங்ககிட்ட கேக்கச் சொல்லட்டுமா?"

அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலைக் காலணிக்குள் மெல்ல நுழைத்தார்.

"சொல்லும்மா. அவங்க வீட்ல எங்க உக்காந்து பாப்பாங்கன்னு மொதல்ல கேட்டு வை. ஆனா நாளைக்குப் பேசிக்கலாம். இன்னிக்கு டிவியப் பத்தி இன்னொரு வார்த்த என் வாயில வராது."