பக்கத்து வீட்டின் மேல் நின்ற கிளை

எங்கள் வீட்டு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தபோது, அதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அம்மா போன வருடம் போனார். அப்பா இரும்பு சுமந்த கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத்தான் நானும் வேலைக்குப் போகிறேன், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு. ஒரு கம்பெனியில், விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை நான் மறைப்பதில்லை.

மரம் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் காளான் முளைத்திருந்தது. தட்டினால் காலிப் பீப்பாயைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. பெரிய கிளை பிரியும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்தக் கிளை பக்கத்து வீட்டு சிமெண்ட் ஷீட் கூரைக்கு நேர் மேலே நின்றது. ஐப்பசி மழைக்குள் அதை இறக்கியாக வேண்டும்.

அந்த வீட்டு அக்கா என்னோடு பேசுவதில்லை. முந்தின மழையில் ஒரு சின்னக் கிளை முறிந்து அவருடைய ஷீட் உடைந்தது. மறுநாளே கொத்தனாரிடம் புது ஷீட் கொடுத்தனுப்பினேன். மாற்றிக் கொடுத்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கு முடியவில்லை. நான் நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அம்மா போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "சாப்டியாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் குரல் நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறப்பது கடைக்காரரிடம் பால் கேட்கும்போது மட்டும்தான்.

மரம் வெட்ட மேஸ்திரியும் ஏறுகிறவர் ஒருவரும் வந்தார்கள். லைன்மேன் வந்து கம்பத்திலிருந்து வரும் இரண்டு வீட்டு இணைப்பையும் பிரித்துவிட்டுப் போனார். அடியில் வெட்டிச் சாய்க்க இடமில்லை. ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். ஏறுகிறவர் இடுப்பில் பெல்ட்டை மாட்டி உச்சிக்குப் போய்விட்டார். அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது.

"அந்த ஊடு காலி ஆகாம வெட்டக்கூடாது" என்றேன்.

மேஸ்திரி கயிற்றைக் கீழே போட்டார். "மேடம், புதுவாயல்ல ஹைவே ஓரம் புளியமரமே எறக்கினவங்க நாங்க. கயிறு கீது இல்ல?"

"அறுந்தா?"

"அறாது."

"அப்ப நீங்க அந்த ஊட்டுக்குள்ள போயி உக்காருங்க. நான் வெட்டச் சொல்றேன்."

மேலே இருந்தவர் சிரித்தார். "போ மேஸ்திரி, டீ குடுப்பாங்க."

ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. என்னிடம் இல்லை. "மேஸ்திரி, படிச்சவங்ககிட்ட சொல்லு. நான் எங்கயும் வர்றதா இல்ல. ஷீட்டு ஒடைஞ்சா ஆள் கையில ஷீட்டு குடுத்தனுப்புவாங்க. நான் ஒடைஞ்சா யார் கையில இன்னாத்த குடுத்தனுப்புவாங்க?"

"இது இன்னா பேஜாரா கீது" என்று மேஸ்திரி பீடி பற்றவைத்தார்.

கம்பெனியில் இது எனக்குப் பழக்கம்தான். கிரேன் தூக்கும் இடத்தில் ஓர் ஆள் நின்றாலும் கையைத் தூக்கி நிறுத்திவிடுவேன். யார் முறைத்தாலும் கவலையில்லை. இங்கே கை எழவில்லை. அவர் வாசல்படி வரைக்கும் போய் நின்றேன்.

"அக்கா, அந்தக் கிளை வெடிச்சிக்கினு கீது. நீ உள்ள இருந்தா நான் வெட்ட உட மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் இங்கயே நிப்பேன்."

"வெளிய வந்து நான் எங்க நிக்கறது? வெயில்லயா?"

"என் ஊட்டுக்கு வா."

பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னிக்குத்தான் கூப்புட வாய் வந்துச்சா ஒனக்கு?" என்றார். பிறகு கேஸை அணைக்கும் சத்தம். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தோடு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடந்தார்.

வேலைக்காரர்கள் தவிர யாரும் மரத்துப் பக்கம் நிற்கக் கூடாது என்பது நானே போட்ட விதி. அதனால் நானும் அவரோடு பின்பக்கச் சமையலறையில் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை, ஒரே புழுக்கம். அவர் அரிசியை என் தட்டில் கொட்டிவிட்டு முறத்தால் விசிறிக்கொண்டார். காற்று என் மேலும் பட்டது.

"ஒரு ஆளுக்கு எதுக்குடி இம்மாம் பெரிய குக்கரு?"

"அம்மாவோடது."

"தெரியும். கேட்டேன்."

முன்பக்கம் பெட்ரோல் ரம்பம் ஓடும், நிற்கும், கயிறு முனகும், பிறகு தொப்பென்று ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பேச்சு நின்று, மறுபடி தொடங்கியது. டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்று திட்டிக்கொண்டே முழுவதும் குடித்தார். அவர் வீட்டுக்காரர் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் மாற்றியதிலிருந்து, பகல் முழுக்க அவரும் தனியாகத்தான் இருக்கிறாராம். இத்தனைக்கும் எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான்.

பெரிய கிளையை அறுக்கும்போது மரம் நீளமாக ஒரு சத்தம் போட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எறக்கு, எறக்கு, மெதுவா" என்ற மேஸ்திரியின் குரலைத் தொடர்ந்து தரை அதிர்ந்தது. பிறகு ஒன்றும் உடையவில்லை என்று மேஸ்திரி கத்தினார்.

சீக்கிரம் முடியட்டும் என்று காலையில் நினைத்தவள் நான். இப்போது இன்னும் நாலு கிளை மிச்சம் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

எல்லாம் இறங்கி, அடிமரத்தில் இடுப்புயரம் மட்டும் விட்டு மேலே அறுத்துப் போட்டார்கள். அக்கா அரிசியை முறத்தில் வழித்துக்கொண்டு எழுந்தார். "ஷீட்டு நல்லாத்தான் கீது" என்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, வரேன் என்றும் சொல்லவில்லை. அவருடைய கதவு சாத்திக்கொண்டது.

மேஸ்திரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அடிக்கட்டைய வேரோட எடுத்துடலாமா மேடம்? இன்னொரு நாளைக்கு வரோம்."

"அன்னிக்கும் பக்கத்து ஊட்ட காலி பண்ணணுமா?"

"அது எதுக்கு? தரையில தான வேல."

அப்படியென்றால் கட்டை இருக்கட்டும் என்றேன்.