பெட்டி மேல் ஒட்டியிருந்த ஊர்கள்

சிட்னியில் கிரவீன் என்ற பகுதிக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. இங்கே வீட்டுக்கு வேண்டாத சாமானைத் தெருவோரம் வைத்துவிட்டால் கவுன்சில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்குள் யாராவது நல்லதைப் பொறுக்கிக்கொள்வதும் வழக்கம்தான். எங்கள் தெருமுனைக் குவியலில் இரும்பு மூலை வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று கிடந்தது. கச்சேரிக்கு ஒயரும் மைக்கும் ஏற்றிப்போகும் ரகம். கறிவேப்பிலைத் தொட்டி வைக்கத் தோதாக இருக்குமென்று தூக்கி வந்துவிட்டேன்.

மூடி நடுவில் பெரிதாக ஒரு ஸ்டிக்கர். புதுப் பாத்திரத்து ஸ்டிக்கரை அடுப்பில் காட்டி உரித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஹேர் டிரையரோடு உட்கார்ந்தேன். அது கிழிந்து கிழிந்து வந்தது; குப்பையில் போட்டேன். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. ஊர் ஊராகப் போகும் ஏதோ ராக் இசைத் திருவிழா. வருடத்துக்கு ஒரு ஸ்டிக்கர், அதில் அந்த வருடத்து ஊர்ப் பட்டியல். அதன்பிறகு ஒன்றைக்கூட எறிய மனம் வரவில்லை. முழுசாக உரித்து பட்டர் பேப்பரில் வரிசையாக ஒட்டினேன். முதலில் வந்தவற்றில் நாலைந்து ஊர்தான். உள்ளே போகப்போகக் கடல் தாண்டி ஆக்லாந்துவரை போயிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததில் சிட்னி மட்டும். ஒரே ஊரில் ஆரம்பித்தது எப்படி அவ்வளவு வளர்ந்தது, பிறகு ஏன் சுருங்கியது? யாரிடம் போய்க் கேட்பது என்று மண்டை குடைந்தது.

மறுநாள் சாயங்காலம், மூன்று வீடு தள்ளியிருக்கும் மலேசியத் தமிழர் கதவைத் தட்டினார். தினமும் லேப்டாப் பையோடு பென்டில் ஹில் ஸ்டேஷனுக்கு நடப்பவர். பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். வீட்டை ஒழிக்கிற வேகத்தில் பெட்டியை வெளியே வைத்துவிட்டதாகவும், நான் எடுத்ததை எதிர்வீட்டுக்காரர் சொன்னதாகவும் கூச்சத்தோடு சொன்னார். படிக்க வந்த காலத்தில் அந்தத் திருவிழாவுக்கு லாரியில் சாமான் ஏற்றப் போனவராம். ஆபீஸ் வேலை கிடைத்த பிறகும் வருடா வருடம் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டர் பேப்பரைப் பெருமையாக விரித்தேன். அவர் விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து நின்றது.

“எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?”

கிழித்துப் போட்டதையும், குப்பை லாரி காலையிலேயே வந்து போனதையும் சொன்னேன்.

“அந்த வருசம் டூர் கிளம்பவே இல்லங்க. அதுக்கு முன்னாடியே ஸ்டிக்கர் அடிச்சிட்டாங்க. மொத தடவையா ஒரு ஸ்டேஜ் முழுசும் என் பொறுப்புல குடுத்திருந்தாங்க. அதுக்கு மிச்சம் அந்த ஸ்டிக்கர் ஒண்ணுதான்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். வெட்கத்தில் அழுதே விட்டேன். அவரோ பரவாயில்லை என்று என்னைத் தேற்றிவிட்டு, ஊர்கள் கூடிய கதையையும், டிக்கெட் விற்காமல் ஒவ்வொன்றாகக் கழன்ற கதையையும் ஒரு மணி நேரம் சொன்னார். கேட்க ஏங்கியதெல்லாம் கிடைத்தது. முகம் கொடுத்துக் கேட்கத்தான் முடியவில்லை.

தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் ஒரு மனிதருக்குக் கிடைக்காமலே போன மேடைக்கு இருந்த ஒரே அத்தாட்சியை அழுக்கென்று நினைத்துக் கிழித்தவள் நான் என்பதால், இப்போதெல்லாம் எதில் கை வைக்கும் முன்னும் நாலு கதவைத் தட்டிக் கேட்டுவிடுகிறேன்.