என் பெயரில் ஏரிக்குப் போன பயணம்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் காத்திருந்தேன். டிராயிங் மாஸ்டர் சங்கரலிங்கம் விஷக்காய்ச்சலில் விடியற்காலம் காலமானார் என்று, அவரும் நானும் வாத்தியார்களாக இருந்த பள்ளியின் எழுத்தர் வந்து சொன்னார். எண்ணெய்த் தலையோடே தென்காசிக்குத் திரும்பினேன். அவரோடு நான் பேசி நான்கு வருஷமாகியிருந்தது.

அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் நல்லவர் என்கிறீர்கள். பொய்யில்லை. கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். பிரம்பைத் தொடாமல் வகுப்பை அடக்குவார். ஆனால் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் அஞ்சலி எழுத என்னால் ஆகாது.

சிவகிரிக்கு மேலே மலையேறி அந்தப் பக்கம் இறங்கி, பெரியாற்று ஏரியின் கரையோடே அணை வரைக்கும் நடப்பதென்று எங்கள் இருவருக்கும் திட்டம். யோசனை என்னுடையது. இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து பேசினோம். அவர் வரைபடம் போட்டார். நான் அவல், கருப்பட்டி, அட்டைக்கடிக்கு உப்பு, புகையிலை என்று ஜாபிதா எழுதினேன். திருவிதாங்கூர் வனத்துறைக்கு இருவர் பெயரிலும் மனு எழுதியவனும் நான்தான். பதில் அவர் விலாசத்துக்கு வரட்டும் என்று விட்டேன்.

சாக்குக்கு வார் தைத்து, பழக்கத்துக்காக மணலை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு பண்பொழி மலைக்கோயிலுக்கு ஏறினோம். ஏதோ நேர்ச்சை என்று ஜனங்கள் வழிவிட்டார்கள். ஓர் அம்மாள் என் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிரிப்பை அடக்கி அடக்கியே எனக்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது. மாஸ்டர் என்னைப் படியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே உண்டு, பள்ளியில் யாருக்கும் தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாதுன்னே வச்சுக்கிடும் வே" என்றார்.

சித்திரை விடுமுறை வந்தது. அனுமதி வரவில்லை, அக்காள் வீட்டுக்குத் திருவேங்கடம் போகிறேன் என்றார். நம்பினேன். பள்ளி திறந்த வாரம் அவருடைய மச்சினன் காபி கிளப்பில் என்னைக் கண்டு கும்பிட்டான்.

"உங்க பேர்லதான் அண்ணாச்சி அத்தான்கூட ஏரிக்குப் போயிட்டு வந்தேன். காவக்காரங்க அனுமதிச் சீட்டப் பாத்துக் கேட்டா உங்க பேரச் சொல்லணும்னு அத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாவ."

பாவம், நன்றி சொல்வதாகத்தான் அவனுக்கு நினைப்பு.

அன்று சாயங்காலம் மாஸ்டரே என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நடுக்காட்டுல உமக்கு மூச்சு முட்டிச்சின்னா நான் என்ன வே செய்வேன்? சொன்னா நீரு கேப்பீரா?"

"சொல்லிப் பாத்தீரா?" என்றேன்.

ஏரியைப் பற்றியாவது சொல்லிவிட நினைத்தார் போலிருக்கிறது. "தண்ணிக்குள்ள பூராவும் பட்ட மரமா நிக்கி வே. ஒவ்வொண்ணு மேலயும்..." என்று ஆரம்பித்தார். நான் கதவைச் சாத்தினேன்.

அப்புறம் நான்கு வருஷம் ஒரே ஆசிரியர் அறைதான். இரண்டு மூன்று தடவை நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் எழுந்து போய்விட்டேன். வீம்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் போய்விட்டார் என்பதற்காகக் கோபம் ஆறிவிட்டதென்று எழுதினால் அது இன்னொரு பொய்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த அரைகுறை வாக்கியம் ஒன்றுதான். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, மரங்களின் மேல் என்னதான் இருந்தது என்று மச்சினனைக் கேட்டேன். கவனிக்கவில்லை அண்ணாச்சி என்றான்.